மெட்டில்லாத புளொப்பி

நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான மூன்றாம் லயத்தில் இருந்த வீரம்மாவிடம் "ஒங்க மகன் என்னா வேல செய்றான்?" என்று யாராவது கேட்டால் அவள் இரண்டு பதிலை மனதுக்குள் போட்டுப் பார்ப்பாள். கொம்பியூட்டர் வேலை என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பாட்டு வேலை என்றால் சிரிப்பார்கள். இரண்டும் சேர்ந்த வேலை ஒன்று உண்டென்று 1999ஆம் ஆண்டில் அந்த மலையில் யாருக்கும் விளங்கவைக்க முடியாது. கடைசியில் அவள், "பாட்டுக்குப் பின்னால வாசிக்கிறத கொம்பியூட்டர்ல எழுதிக் குடுக்குறான்" என்பாள். "அப்ப பாட்ட யாரு எழுதுவா?" என்று அடுத்த கேள்வி வரும்.

மகன் யோகேஸ்வரன் ஹட்டனில் முத்துலிங்கம் என்பவர் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் தட்டச்சுக்குச் சேர்ந்தவன். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய விரல்கள். முத்துலிங்கத்திடமிருந்த இயந்திரத்தில் சுரங்களை ஐந்து கோடுகளில் எழுதும் புரோகிராம் ஒன்று சும்மா கிடந்தது. அதை அவனாகவே தடவித் தடவிக் கற்றுக்கொண்டான். சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் பக்கவாத்தியம் வாசிக்க ஆள் கிடையாது. ஆசிரியைகள் பாடிக் காட்டுவார்கள். அவன் கேட்டு, எழுதி, கித்தார், வீணை, தப்பு மேளம், தாளம் எல்லாவற்றையும் தனித்தனி வரிசையாக அடுக்கி ஒரு புளொப்பித் தட்டில் போட்டுக் கொடுப்பான். புளொப்பி வாய் உள்ள மின் ஆர்கனில் அதைச் செருகினால் வாத்தியக்காரர்கள் இல்லாமலே வாத்தியம் கேட்கும். பிள்ளைகள் பாடுவார்கள்.

அவனுடைய வேலை நன்றாக அமைந்ததற்குக் காரணம் அவனுடைய பயந்தான். இன்ன இடத்தில் பிழைத்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நடுங்குவான். 'மறுபடியும் வாசி' என்ற அடையாளத்தைச் சில ஆர்கன்கள் மதிக்காது. ஆகவே திரும்ப வரும் அடியை முழுதாக மறுபடி எழுதுவான். வாத்தியத்தின் எண்ணைச் சரியாகக் குறிக்காவிட்டால் வீணை வரவேண்டிய இடத்தில் பியானோ அதிரும். பிள்ளைகள் எங்கே மூச்செடுப்பார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்து, அந்த இடங்களில் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்துவான். எல்லாவற்றுக்கும் முன்னால் 'டிக், டிக்' என்று எட்டு அடி வைப்பான். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் ஆயத்தமாவார்கள்.

இவ்வளவு பயந்தும் போன வருடம் ஓரிடத்தில் பிழைத்துவிட்டது. பழக்குவதற்கு வசதியாகப் பாட்டின் மெட்டையும் புல்லாங்குழலில் எழுதியிருந்தான். போட்டிக்கு முன் அந்த வரிசையின் சத்தத்தை மட்டும் அடைத்து வைத்தான். பாடசாலை ஆர்கன் அதை மதித்தது. போட்டி மண்டபத்து ஆர்கன் மதிக்கவில்லை. பிள்ளைகள் பாடப் பாடப் புல்லாங்குழலும் கூடவே ஊதியது. இயந்திரம் மெட்டை வாசிக்கக் கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. பதினான்கு பிள்ளைகளையும் பாதியில் இறக்கிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் வான் வண்டிக்குள் அழுகை. இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார். பாட்டுப் பழக்கிய ரோகினி டீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், அதிபரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி இந்த வருடத்துக்கு ஒரு தடவை, ஒரேயொரு தடவை, சம்மதம் வாங்கினார்.

ஆகவே இம்முறை யோகேஸ்வரன் மெட்டை அடைக்கவில்லை. அழித்தே விட்டான். இல்லாத புல்லாங்குழல் எப்படி ஊதும்?

கண்டியில் போட்டி. முந்திய நாள் முன்னால் நின்று பாடும் பிள்ளைக்குச் சளித் தடிமன் பிடித்துக் குரல் இறங்கிவிட்டது. பாட்டு முழுவதையும் அரைச் சுருதி இறக்க வேண்டும். இறக்கும்போது தப்பு வரிசையைத் தொடவே கூடாது. தொட்டால் தப்பு சத்தம் மணிச் சத்தமாகிவிடும். பிள்ளைகளும் டீச்சரும் மறுநாள் விடியவே வானில் போவதென்றும், அவன் திருத்திய புளொப்பியோடு பஸ்ஸில் வருவதென்றும் முடிவாயிற்று. ஒன்று பழுதானால் மற்றது என்று இரண்டு நீலப் புளொப்பிகளில் ஒரே பாட்டைப் பதிந்தான். புரோகிராம் இருந்த கறுப்புப் புளொப்பியையும் எடுத்து வைத்தான். அங்கே போய் ஏதும் திருத்தவேண்டி வந்தால்?

காலையில் வீரம்மா கொழுந்துக்குப் போக ஆயத்தமாக நின்றுகொண்டு அவன் பையைப் பார்த்தாள். அந்த மாதத்தில்தான் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கடைவேலைக்குப் போன இரண்டு பையன்களைப் பொலிஸ் பிடித்துப்போய் இன்னும் விடவில்லை.

"ஐடென்டிக் கார்டு இருக்கா?"

"இருக்கும்மா."

"கேட்டா மட்டும் பேசு. கேக்காததுக்கு வாயத் தொறக்காத. ஒனக்குப் பயம் வந்தா மூஞ்சியில எழுதி ஒட்டுன மாதிரி தெரியும்."

அது அவனுக்கும் தெரியும்.

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சந்தியில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையாக நின்றார்கள். அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயரைப் பார்த்த இளம் கான்ஸ்டபிள் பையைத் திறக்கச் சொன்னான். மூன்று புளொப்பிகள். நான்கு தாள்கள், நிறையக் கோடும் புள்ளியும். ஒரு கொப்பியில் யோகேஸ்வரனின் கையெழுத்தில் எண்கள்: 8, 33, 41, 26, 10. அதற்குள் மடித்து வைத்திருந்த ரோகினி டீச்சரின் துண்டுக் கடிதத்தின் பின்புறத்தில் யாழ்ப்பாண விலாசம். வீட்டிலிருந்து வந்த கடித உறையைக் கிழித்துத்தான் அவர் எழுதியிருந்தார்.

என்ன இது என்று கான்ஸ்டபிள் சிங்களத்தில் கேட்டான். பாட்டு என்றான் யோகேஸ்வரன். கான்ஸ்டபிள் தாளைப் புரட்டிப் பார்த்தான். சொல்லே இல்லாத பாட்டா என்றான். பஸ் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. அது வளைவில் திரும்பி மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது. இனி அவனுக்கு எது நடந்தாலும் லயத்தில் போய்ச் சொல்ல ஆளில்லை.

நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு சார்ஜன்ட் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கோபமாகப் பேசவில்லை. அதுதான் யோகேஸ்வரனுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. எண்கள் என்ன என்று கேட்டார். இருபத்தாறு கித்தாரின் எண், பத்து தப்பு வரிசை, முப்பத்து மூன்றில் மூச்செடுக்கும் இடம் என்று சொல்லும்போதே அவன் சொல்வது அவனுக்கே பொய்போலக் கேட்டது. சார்ஜன்ட் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கான்ஸ்டபிள் இதற்கிடையில் புளொப்பிகளில் ஒட்டியிருந்த துண்டுகளுக்கு அடியில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க அவற்றை நகத்தால் உரித்தான். மூலையிலிருந்த சின்னப் பூட்டுகளையும் 'டக், டக்' என்று தள்ளி விளையாடினான். அந்தப் பூட்டு மூடியிருந்தால் புளொப்பியில் உள்ளதை மாற்ற முடியாது. இப்போது நீலம் இரண்டிலும் அது திறந்து கிடந்தது.

"பாட்டென்றால் கேட்கலாமே" என்றார் சார்ஜன்ட்.

நிலையத்துக் கொம்பியூட்டரில் ஒலிபெருக்கி இல்லை. எதிரேயிருந்த தொலைபேசிக் கடையில் இருந்தது. அங்கே அழைத்துப்போனார்கள். கடைக்காரப் பெண் அவனையும் இரண்டு பொலிஸ்காரரையும் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். யோகேஸ்வரன் நீலப் புளொப்பி ஒன்றைச் செருகிப் பாட்டைத் தட்டினான்.

டிக். டிக். டிக். டிக்.

கடைக்காரப் பெண் பாதைக்கு ஓடிவிட்டாள். கான்ஸ்டபிள் தோளில் மாட்டிய துவக்கோடு பின்னால் துள்ளினான். சார்ஜன்ட் மட்டும் அசையவில்லை. ஆனால் அவர் கை யோகேஸ்வரனின் பிடரியை இறுகப் பிடித்தது. எட்டு அடிகள். ஆயிரம் தடவை கேட்ட எட்டு அடிகள், அன்று முடிவதாக இல்லை. பிறகு வீணை தொடங்கியது. பிடரியிலிருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. வீணை, கித்தார், தப்பு என்று ஒவ்வொன்றாக வந்து, பாட்டு வரவேண்டிய இடத்தில் பாட்டு வரவில்லை. கித்தார் ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்றில் காரணமில்லாமல் இழுபட்டு நின்று, பிறகு ஓடியது.

"எங்கே பாட்டு?"

பாட்டைப் பிள்ளைகள் பாடுவார்கள், இது பின்னால் வருவது என்றான். அப்படியானால் நீ பாடு என்றார் சார்ஜன்ட். மறுபடி எட்டு அடி. யோகேஸ்வரன் வாயைத் திறந்தான். அந்தச் சுருதி பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தொண்டைக்கு வைத்தது. மேலே போனால் எட்டவில்லை, கீழே பாடினால் சத்தமே வரவில்லை. அவன் முதல் வரியைத் தேடிக்கொண்டிருக்க இயந்திரம் இரண்டாம் வரிக்குப் போய்விட்டது. அது யாருக்காகவும் நிற்காது.

"தான் செய்த பாட்டைத் தனக்கே தெரியாது" என்று கான்ஸ்டபிள் சிரித்தான்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. கண்டிக்கு அனுப்பி விசாரிக்க வேண்டியிருக்கும் என்று, ஏதோ தபால் அனுப்புவதைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்களின் முகம் யோகேஸ்வரனுக்கு நினைவு வந்தது. அப்போதுதான், கேட்காததற்கு வாய் திறக்காதே என்று தாய் சொன்னதையும் மீறி, அவனாகப் பேசினான்.

"மாத்தயா, பத்து நிமிசம் குடுங்க. மெட்டப் போட்டுக் காட்டுறேன்."

கறுப்புப் புளொப்பியிலிருந்து புரோகிராமை ஏற்றினான். பிறகு நீலத்தைச் செருகிப் பாட்டைத் திறந்தான். ஐந்து கோடுகள் திரையில் விழுந்தன. வெறும் வரிசையொன்றைச் சேர்த்துப் புல்லாங்குழலின் எண்ணைக் கொடுத்தான். கொம்பியூட்டரின் சுண்டெலியை அசைத்து வைத்த முதல் சுரம் இரண்டு கோடு தள்ளிப்போய் விழுந்தது. அழித்தான். மறுபடி வைத்தான். அழிக்கும் ஒவ்வொரு தடவையும், எதை அழிக்கிறாய் என்று கான்ஸ்டபிள் கேட்டான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாக, அரிசியில் கல் பொறுக்குவதுபோல வைத்தான். நாலு வரி. மூன்று மாதம் பிள்ளைகள் பாடிப் பாடி அவன் காதில் ஊறியிருந்த நாலு வரி. நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டிப் போயிற்று. சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. திரையில் புள்ளிகள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடையில் கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் வந்து, மற்ற நீலப் புளொப்பியிலும் இதே தானா என்று இதை வெளியே எடுத்து அதைச் செருகினான், மறுபடி எடுத்தான், மறுபடி எதையோ செருகினான். யோகேஸ்வரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தட்டினான். எட்டு அடி. வீணை. பிறகு புல்லாங்குழல் எழுந்தது. கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்த பெண் உள்ளே வந்தாள். நாலு வரியும் பிழையில்லாமல் போய், ஐந்தாம் வரியில் குழல் நின்று வெறும் கித்தார் மட்டும் தட்டியது.

சார்ஜன்ட் இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டு முடித்து, சரி, மூடு என்றார். மூடும்போது இயந்திரம் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டது. செய்த மாற்றத்தைப் பதியவா, வேண்டாமா? யோகேஸ்வரன் படித்து முடிப்பதற்குள் கான்ஸ்டபிளின் விரல் பெரிய விசையை அமர்த்திவிட்டது. புளொப்பி கரகரவென்று சுழன்று அடங்கியது.

நிலையத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் அவன் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், லயத்தின் எண் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சார்ஜன்ட் இரண்டு நீலப் புளொப்பிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றை மேசை லாச்சிக்குள் போட்டு, இது இருக்கட்டும் என்றார். மற்றதை நீட்டினார். "போ மல்லி. போட்டிக்குப் பிந்தும்" என்றார், தம்பியை அழைக்கும் சிங்களச் சொல்லில்.

அடுத்த பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே கம்பளை நகரத்தைத் தாண்டிய பிறகுதான் அவனுக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது. மூச்சு வந்ததும் அடுத்த பயம் வந்தது. பதிந்தது எந்தப் புளொப்பியில்? லாச்சியில் கிடப்பதிலா, தன் சட்டைப் பையில் இருப்பதிலா? ஒட்டிய துண்டு இரண்டிலும் இல்லை. நிறமும் ஒன்று. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பார்த்தால் தெரிந்துவிடும்போல. இதில் பதிந்திருந்தால் நாலு வரிக்குப் புல்லாங்குழல் ஊதும். போன வருடக் கதை, போன வருட அழுகை. பக்கத்தில் நின்றவர் அவன் கையிலுள்ளதைப் பார்ப்பதைக் கண்டு சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவன் மண்டபத்துக்குள் ஓடும்போது அவர்களுடைய இலக்கத்தைக் கூப்பிட்டாயிற்று. பிள்ளைகள் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரோகினி டீச்சர் திரைக்குப் பக்கத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை விடாமல் முகத்தைப் பார்த்தார். அவன் இரண்டே வாக்கியத்தில் சொன்னான்: வழியில் பிடித்துக்கொண்டார்கள், இந்தப் புளொப்பியில் மெட்டு ஏறியிருக்கலாம்.

டீச்சர் புளொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

"உம்மை அடிச்சவங்களோ?"

"இல்ல டீச்சர்."

"உண்மையா?"

"பேர மட்டும் எழுதிக்கிட்டாங்க."

டீச்சர் அவன் கையை விட்டார். பிறகு, மேடையைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்.

"இது இல்லாமல் தடிமன் பிடிச்ச பிள்ளை சுருதி எடுக்காது, தம்பி. நீர் போடும். கையைச் சத்தக் குமிழில வைச்சிரும். குழல் வந்தால் உடனே இறக்கும். மிச்சத்தைப் பிள்ளையள் பாடட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்."

அவன் புளொப்பியைச் செருகி விசையை அமர்த்தினான். இடது கை குமிழில் இருந்தது. டிக், டிக் என்று தொடங்கியதும் பிடரியில் அந்தக் கை மறுபடி விழுந்ததுபோல உடம்பு உதறியது. மண்டபத்தில் யாரும் ஓடவில்லை. பிள்ளைகள் தோளை நிமிர்த்தினார்கள். வீணை வந்து முடிந்தது. பதினான்கு வாயும் திறந்தன.

முதல் வரி முழுக்க அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் குரல் அவ்வளவு சரியாக மெட்டில் விழுந்ததால், அதற்கடியில் குழல் ஒளிந்திருக்கிறதா இல்லையா என்று பிரிக்க முடியவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிமேல் காதை வைக்காத குறையாகக் குனிந்தான். குமிழைச் சுற்றிய விரல்கள் வியர்வையில் வழுக்கின. இறக்கவா? இரண்டாம் வரியின் நடுவில், தடிமன் பிடித்த பிள்ளைக்கு ஒரு கணம் குரல் கம்மி, பாட்டில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள் கித்தார் மட்டும் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

குழல் லாச்சியில் இருந்தது.

அவர்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. திரும்பும்போது டீச்சர் அவனை வானின் நடு ஆசனத்தில், பிள்ளைகளுக்கு மத்தியில் உட்காரவைத்தார். அந்தச் சந்தியில் வேறொரு பொலிஸ்காரன் எட்டிப் பார்த்துவிட்டுக் கையசைத்தான். டீச்சர் அதிபரிடம் பரிசைப் பற்றி மட்டும் சொன்னார். வீரம்மாவிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் முகம் இப்படியிருக்கிறது என்று அவள் கேட்டாள், போகும்போது பஸ் பிந்திவிட்டது என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் ரொட்டி சுடப் போனாள்.

எட்டு நாள் கழித்து, அவன் வேலைக்குப் போகாத ஒரு செவ்வாய்க்கிழமை, பொலிஸ் ஜீப் ஒன்று தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தது. ஸ்டோரில் தேயிலைத்தூள் களவு போன முறைப்பாடு, அதை விசாரிக்கத்தான். அவனுக்கு அது தெரியாது. பெரிய புத்தகத்தில் லயத்தின் எண்ணைக்கூடச் சொல்லிக் கையெழுத்து வைத்தவன் அவன். பின்கதவால் இறங்கி, செருப்பில்லாமல், ஏழாம் நம்பர் மலைக்கு ஓடித் தேயிலைச் செடிகளுக்கிடையில் குந்திக்கொண்டான்.

நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் முதலில் கண்டது அழகம்மா. வீரம்மாவின் பக்கத்து நிரைக்காரி. பாதையில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். செடிக்கடியில் கிடந்தவனைப் பார்த்தாள். முதுகுக் கூடையைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"என்னா யோகு, பரிசு வாங்குன ஆளு இப்பிடி அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டுக் கெடக்குற? எந்திரிச்சு நில்லு. குந்துனாத்தான்டா தெரியும். நின்னு கொழுந்த எடு."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அக்கா."

"ஒங்கம்மா அந்தா வந்துகிட்டு இருக்கா. நான் என்னாத்த சொல்றது."

வீரம்மா இரண்டு நிரை தாண்டி வந்து, தலையிலிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டினாள். கட்டிய முடிச்சை இழுத்துச் சரிபார்த்துவிட்டு அவனுக்கும் பாதைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அழகம்மா மற்றப் பக்கம். பிறகு இன்னும் இரண்டு பேர் நிரை மாறி வந்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற கண்டாக்கு தூரத்திலிருந்து, ஏன் நிரை கலையுது என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை.

யோகேஸ்வரன் குனிந்து இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளினான். கிள்ளியதில் பாதி முற்றல். ஜீப் ஸ்டோர் வாசலில் வெகுநேரம் நின்றது. அது திரும்பி இறங்கி, சத்தம் முற்றாகத் தேயும்வரை அவன் கையை நிறுத்தவேயில்லை.